கால் எட்டாத தண்ணியும் முதல் ட்ரையத்லானும்

ஓடுவேன், சைக்கிள் ஓட்டுவேன், ஆனா தண்ணின்னா பயம், அதனால நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு மூணும் அடுத்தடுத்து வர்ற ட்ரையத்லான் நமக்கு ஒத்துவராதுன்னு ஒதுங்கி நிக்கறவங்களுக்காகத்தான் இத எழுதறேன். நானும் அங்கதான் நின்னேன். 34 வயசு வரைக்கும் இடுப்பளவு தண்ணியத் தாண்டினதில்ல, முகத்தை தண்ணிக்குள்ள வெக்கணும்னு நெனச்சாலே அடிவயித்துல புளியக் கரைக்கும். இப்ப கால் எட்டாத ஏரியில ஒன்றரை கிலோமீட்டர் நீந்திட்டு வெளிய வர்றேன். நடுவுல என்னென்ன செஞ்சேன், எதை முதல்ல செய்யணும், எதுல அவசரப்படக் கூடாதுன்னு வரிசையா சொல்றேன். ஒண்ண மட்டும் இப்பவே சொல்லிடறேன். இதுக்கு பெரிய தைரியம்லாம் தேவைப்படல, தண்ணிக்குள்ள மூச்சை வெளிய விடக் கத்துக்கிட்டேன், பயம் கொஞ்சம் கொஞ்சமா அதுவா எறங்கிருச்சு.

முதல்ல தூரத்தை சரியா தெரிஞ்சுக்கோங்க

ட்ரையத்லான்னு சொன்னதும் நெறைய பேருக்கு அயர்ன்மேன்தான் ஞாபகம் வருது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதுக்கு மேல ஒரு முழு மாரத்தான், இதைக் கேட்டா யாருக்குத்தான் மலைப்பா இருக்காது. ஆனா நீங்க ஆரம்பிக்கப் போறது அது இல்ல. ஸ்ப்ரின்ட்னு ஒண்ணு இருக்கு, 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அதுலயும் பாதி அளவுக்கு சூப்பர் ஸ்ப்ரின்ட்னு வெக்கறாங்க, நீச்சல் 400 மீட்டரோ அதுக்கும் கம்மியாவோ இருக்கும். சில போட்டிகள்ல நீச்சலை பூல்லயே நடத்தறாங்க, முதல் ரேஸுக்கு அப்படி ஒண்ணு கெடச்சா யோசிக்காம பேர் குடுங்க. ஒலிம்பிக் தூரம்ங்கறது அதே வரிசையில 1.5, 40, 10 கிலோமீட்டர். 2000ல சிட்னி ஒலிம்பிக்ல ட்ரையத்லான் முதல் தடவை சேந்தப்ப இருந்தே தனிநபர் போட்டிக்கு இந்த தூரம்தான்.

இன்னொரு விஷயம், இந்த விளையாட்டை ஆரம்பிச்சது நீச்சல் கிளப் இல்ல. இன்னிக்கு நாம பாக்கற ட்ரையத்லானோட முதல் போட்டின்னு சொல்றது 1974 செப்டம்பர் 25ல அமெரிக்காவுல சான் டியாகோ மிஷன் பேல நடந்தது, நடத்தினது ஒரு ஓட்டக்காரங்க கிளப், 46 பேர் கலந்துக்கிட்டாங்க. அதுல கலந்துக்கிட்ட ஜான் காலின்ஸ், ஜூடி காலின்ஸ் தம்பதிதான் பின்னாடி ஹவாயில அயர்ன்மேனை ஆரம்பிச்சாங்க, 1978 பிப்ரவரி 18, 15 பேர் கெளம்பி 12 பேர் முடிச்சாங்க. ஓட்டத்துல இருந்து இங்க வர்றது புது வழி இல்லன்னு சொல்றதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

750 மீட்டர்னா 25 மீட்டர் பூல்ல 30 நீளம். மெதுவா நீந்தறவங்களுக்கு 20, 25 நிமிஷம் ஆகும். மொத்த ரேஸும் புதுசா வர்றவங்களுக்கு ஒன்றரை மணியில இருந்து ரெண்டு மணி நேரம் போகும்னா, நம்மள பயமுறுத்தற பகுதி அதுல கால்வாசி கூட இல்ல.

எனக்கு மனசு லேசானது விதிமுறையப் படிச்ச அன்னிக்குதான். ட்ரையத்லான் நீச்சல்ல ஃப்ரீஸ்டைல்தான், அதாவது குப்புறப் படுத்து கைய மாத்தி மாத்தி வீசித்தான் நீந்தணும்னு விதி கெடையாது, தவளை மாதிரி நீந்தற ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக் போடலாம், மல்லாக்க நீந்தலாம், சும்மா மிதக்கலாம். களைச்சுப் போனா வழியில இருக்கற மிதவையையோ நிக்கற கயாக்கையோ (துடுப்பு போடற சின்னப் படகு) பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கலாம், அத பிடிச்சுத் தள்ளியோ இழுத்தோ முன்னால போகக் கூடாது, அவ்வளவுதான். உதவி வேணும்னா ஒரு கைய மேல தூக்கணும், ஆள் வந்துருவாங்க. இது தெரியாம மாசக்கணக்கா, நடுவுல நின்னா வெளிய அனுப்பிருவாங்கன்னு நெனச்சு பயந்துட்டு இருந்தேன். நீங்க பேர் குடுக்கற ரேஸோட விதிமுறையையும், நீச்சலுக்கு எவ்வளவு நேரம் குடுத்திருக்காங்கங்கறதையும் ஒரு தடவை முழுசா படிச்சிருங்க.

டாக்டரைப் பாத்துட்டு ஆரம்பிங்க

இத வேகமா சொல்லிட்டுப் போயிடறேன், ஆனா தாண்டிப் போயிடாதீங்க. ட்ரையத்லான் போட்டிகள்ல அபூர்வமா நடக்கற மரணங்கள்ல பெரும்பகுதி நீச்சல்லதான் நடக்குது, நெறைய சமயம் காரணம் முன்னாடியே தெரியாம இருந்த இதயப் பிரச்சனை. 40 தாண்டியிருந்தா, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் பிரச்சனை வந்திருந்தா, ஓடறப்ப நெஞ்சு வலியோ தலை சுத்தலோ எப்பவாவது வந்திருந்தா, செக்கப் முடிச்சுட்டு வாங்க. பிபி இருந்தா அதை கட்டுக்குள்ள கொண்டுவந்துட்டு வாங்க. உடம்புல கோளாறு இல்லன்னு தெரிஞ்சாலே தண்ணியில நெஞ்சு படபடக்கறப்ப பாதி கவலை கம்மியாகும், அனுபவத்துல சொல்றேன்.

பயம் எங்கேருந்து வருது

தண்ணிக்குள்ள முகத்தை வெச்சதும் நாம செய்யற முதல் வேலை மூச்சை அடக்கறது. யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, உடம்பு தானா செய்யுது. அடக்கி வெச்சா உள்ள கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கிட்டே போகும். மூச்சு முட்டுதுன்னு நமக்கு தோணுதே, அந்த தவிப்பைக் கெளப்பறது பெரும்பாலும் அந்த கார்பன் டை ஆக்சைடுதான், ஆக்சிஜன் தீந்துபோனதால இல்ல. உள்ள இருக்கறத வெளிய விடாம தலையத் தூக்கி காத்தை இழுத்தா, ஏற்கனவே நெறஞ்ச நுரையீரல்ல எங்க எடம் இருக்கு? மேலோட்டமா ரெண்டு இழுப்பு, அதுலயும் திருப்தியில்ல, அடுத்த ரெண்டு கை வீச்சுல நெஞ்சு படபடப்பு, கைகால் வெரச்சுக்கும், தலை தூக்கும், தலை தூக்கினா இடுப்பு எறங்கும், இடுப்பு எறங்கினா மூழ்கற மாதிரி இருக்கும். முழு பயமும் இந்தச் சங்கிலிதான். முதல் கண்ணிய வெட்டினா மீதி தானா கழண்டுரும்.

எனக்கு அது வெட்டுப்பட்ட நாள் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு சாயங்காலம், பூலோட ஆழமில்லாத பக்கம், செவுத்தோரமா இருக்கற கம்பியப் பிடிச்சுட்டு நின்னுட்டு இருந்தேன். கோச் அம்மா பக்கத்துல நின்னு, "முகத்தை வெச்சுட்டு ம்ம்ம்னு ஹம் பண்ணுங்க, பாட்டு முணுமுணுக்கற மாதிரி, வேற ஒண்ணும் வேணாம்"னாங்க. வெச்சேன், ம்ம்ம்னு சொன்னேன், மூக்கு வழியா பொடிப்பொடியா குமிழி கெளம்பி கன்னத்தை உரசிக்கிட்டு காதுகிட்ட மேல போச்சு, அந்த சத்தம் கொதிக்கற பாத்திரம் மாதிரி கேட்டுச்சு. ஹம் பண்ற வரைக்கும் மூக்குல தண்ணி ஏறவே இல்ல. தீந்ததும் தலையத் தூக்கினேன், வாயத் தெறந்ததுதான் தெரியும், காத்து அதுவா உள்ள வந்துச்சு, நான் இழுக்கவே இல்ல. 34 வருஷமா தண்ணியப் பாத்து பயந்தவன் அன்னிக்கு ஒரு மணி நேரம் செவுத்தப் பிடிச்சுட்டு அதையே திரும்பத் திரும்ப செஞ்சேன்.

பூல்ல என்ன வரிசையில போகணும்

தனியா போகாதீங்க, லைஃப்கார்ட் இல்லாத பூல்ல எறங்காதீங்க. நெஞ்சளவு தண்ணி போதும். முதல் ரெண்டு மூணு நாள் மேல சொன்ன ஹம் மட்டும்தான், ஒரு தடவைக்கு 5 விநாடி, அப்புறம் 8, அப்புறம் 10. ஒரு எச்சரிக்கை, தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னாடி வேகவேகமா பத்து பதினஞ்சு தடவை மூச்சு வாங்கிட்டு அப்புறம் ரொம்ப நேரம் அடக்கிப் பாக்கற விளையாட்டு வேணவே வேணாம். அப்படி செஞ்சா கார்பன் டை ஆக்சைடு கொறஞ்சு, மூச்சு வேணும்ங்கற உணர்வே வராம தண்ணிக்குள்ளயே மயக்கம் வந்துரும். நல்லா நீந்தறவங்களே இப்படி செத்திருக்காங்க.

ஹம் பழகினதும் மிதக்கறது. மல்லாக்க படுத்து, காது தண்ணிக்குள்ள போற வரைக்கும் தலையை பின்னால சாய்ச்சு, தொப்புளை மேல தூக்கற மாதிரி நெனச்சுக்கோங்க. முதல்ல கோச்சோ தெரிஞ்சவங்களோ முதுகுக்கு கீழ ஒரு கை வெச்சு தாங்கட்டும். நுரையீரல்ல காத்து இருக்கற வரைக்கும் நெஞ்சுப் பகுதி மூழ்காது, கால் கொஞ்சம் எறங்கும், எறங்கட்டும், குறிப்பா ஓட்டக்காரங்களுக்கு கால் கனமாத்தான் இருக்கும். மூச்சை இழுத்தா உடம்பு கொஞ்சம் மேல வரும், விட்டா கொஞ்சம் எறங்கும், இதை அஞ்சு நிமிஷம் கவனிச்சுப் பாருங்க, தண்ணி நம்மள தாங்குதுன்னு உடம்புக்கே புரியும். அப்புறம் குப்புற மிதக்கறது, முகம் உள்ள, கண் தரையப் பாத்து.

இங்க யாரும் ஒழுங்கா சொல்லிக் குடுக்காத ஒரு பாடம் இருக்கு, குப்புற மிதக்கறப்ப எப்படி எழுந்து நிக்கறதுன்னு. ரெண்டு முட்டியையும் நெஞ்சுக்கு இழுங்க, ரெண்டு உள்ளங்கையாலயும் தண்ணிய கீழ அமுக்குங்க, இடுப்பு கீழ வந்ததும் காலை தரையில ஊணுங்க, கடைசியாதான் தலை. தலைய முதல்ல தூக்கினா கால் பின்னாடி மெதந்துட்டே இருக்கும், நிக்க முடியாது, தண்ணி குடிச்சுருவீங்க. நின்னுடலாம்ங்கறது கைவசம் இருந்தாத்தான் போறதுக்கு மனசு வரும். இத ஒரே நாள்ல இருபது முப்பது தடவை செஞ்சு பாருங்க.

அடுத்து செவுத்தை காலால உந்தி அம்பு மாதிரி சறுக்கறது, ஹம் பண்ணிக்கிட்டே. அதுக்கப்புறம் லேசா கால் உதைக்கறது, இடுப்புல இருந்து, முட்டிய மடக்கி சைக்கிள் மிதிக்கற மாதிரி இல்ல. சைக்கிள்காரங்களுக்கு இந்தப் பழக்கம் விட கொஞ்ச நாள் ஆகும். ஆனா காலுக்கு ரொம்ப மெனக்கெடாதீங்க, ட்ரையத்லான்ல கால் சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் வேணும், தண்ணியில அது உடம்பு நேரா இருக்கறதுக்கு உதவினா போதும்.

மூச்சுக்கு தலையைத் திருப்பறதுதான் பெரும்பாலானவங்க மாட்டிக்கற எடம், நானும் ரெண்டு மாசம் இதுல நின்னேன். தலையத் தூக்கக் கூடாது, உடம்போட சேந்து உருளணும். ஒரு கண்ணு தண்ணிக்குள்ளயும் ஒரு கண்ணு வெளியவும் இருக்கற அளவுக்கு திரும்பினா போதும், வாய் வெளிய வந்துரும். முகம் உள்ள இருக்கற நேரம் முழுக்க ஹம் போய்க்கிட்டே இருக்கணும், திரும்பறப்ப கடைசி காத்தை ஃப்பூன்னு ஊதிட்டு வாயத் தெறங்க. வெளிய வந்தப்புறம் விட்டுட்டு அப்புறம் இழுக்கலாம்னா நேரம் பத்தாது, அங்கதான் புரை ஏறுது. முதல்ல எந்தப் பக்கம் வசதியோ அந்தப் பக்கம் மட்டும், ரெண்டு கை வீச்சுக்கு ஒரு மூச்சு. மூணுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் எடுக்கறது நல்லதுன்னு சொல்லுவாங்க, நல்லதுதான், ஆனா புதுசா வர்றவங்க காத்துக்கு கஞ்சத்தனம் பண்ண வேணாம்ங்கறது என் கருத்து.

ஆழமான பக்கத்துக்கு எப்ப போறது? மல்லாக்க அஞ்சு நிமிஷம் நிம்மதியா மிதக்க முடிஞ்சா, நின்ன எடத்துலயே காலை ஆட்டி தலைய வெளிய வெச்சுக்க ரெண்டு நிமிஷம் முடிஞ்சா, அப்ப போங்க, செவுத்தோரமாவே. நான் சேந்த முதல் எடத்துல ஒரு பயிற்சியாளர் மூணாவது நாளே "தள்ளி விட்டாத்தான் வரும்"னு பின்னாடி இருந்து ஆழத்துல தள்ளிட்டார். வெளிய இழுத்துப் போட்டாங்க, ஒண்ணும் ஆகல, ஆனா அதுக்கப்புறம் ஏழு மாசம் நான் பூல் பக்கமே போகல. பயந்தவங்களைத் தள்ளிவிட்டா கத்துக்குவாங்கங்கறது தப்பு, பயம் இன்னும் ஆழமா பதியறதுதான் மிச்சம். பெரியவங்களுக்கு, அதுவும் தண்ணி பயம் இருக்கறவங்களுக்கு சொல்லிக் குடுத்துப் பழகினவங்களாத் தேடுங்க. முதல் நாளே உங்க பயத்தை சொல்லுங்க, அதைக் கேட்டு சிரிச்சா வேற ஆளைப் பாருங்க.

தூரத்தை இப்படி ஏத்துங்க: 25 மீட்டர், நின்னு மூச்சு சமமாகற வரைக்கும் காத்திருந்து அடுத்த 25. இதையே பத்து தடவை. அப்புறம் 50, அப்புறம் 100. இடையில ஒரு நாள் வரும், மூச்சு ஓட்டத்தோட தாளம் மாதிரி சேந்துக்கும், அதுவரைக்கும் 50 மீட்டர்ல தாவு தீந்துட்டு இருந்தவங்க திடீர்னு 300, 400 போயிருவாங்க. வேகத்தைக் கொறச்சாத்தான் அந்த நாள் வரும். ஓட்டத்துல நாம பழகின "முடியலன்னா இன்னும் அழுத்து" இங்க செல்லாது, தண்ணி காத்தை விட கிட்டத்தட்ட 800 மடங்கு அடர்த்தி, அழுத்த அழுத்த அது எதிர்த்துதான் நிக்கும்.

வாரத்துக்கு மூணு நாள், ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். சனிக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் போறதுல பிரயோஜனம் கம்மி, ஒரு வாரம் இடைவெளி விட்டா உடம்பு பயத்தை திரும்ப ஞாபகப்படுத்திக்குது.

சாமான் கொஞ்சம்தான்

காகிள்ஸ் மட்டும் பாத்து வாங்குங்க. கடையில பட்டியை மாட்டாம வெறுமனே கண்ணுல வெச்சு லேசா அமுக்கி கைய எடுங்க, ரெண்டு மூணு விநாடி ஒட்டிக்கிட்டு நின்னா உங்க முகத்துக்கு சேருது, உடனே விழுந்தா எவ்வளவு நல்ல கம்பெனியா இருந்தாலும் தண்ணி உள்ள வரும். உள்ள தண்ணி வந்து பதட்டம் ஆரம்பிச்சவங்க நெறைய பேர், அதனால வேணும்னே ஒரு நாள் காகிள்ஸ்ல கொஞ்சம் தண்ணி விட்டுக்கிட்டு நீந்திப் பாருங்க, ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சுரும். மூக்குல தண்ணி ஏறறதுதான் பெரிய பிரச்சனைன்னா நோஸ் கிளிப் போட்டுக்கோங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல, அப்ப குமிழியை வாய் வழியா விடணும். தொப்பி ஒண்ணு. சைக்கிளுக்கு இருக்கறதே போதும், ப்ரேக் ஒழுங்கா பிடிக்கணும், ஹெல்மெட் தரமா இருக்கணும். ஓடற ஷூ உங்ககிட்ட ஏற்கனவே இருக்கும்.

ஓப்பன் வாட்டர்

பூல்ல 750 மீட்டர் நிக்காம நீந்தினவங்க ஏரியில 50 மீட்டர்ல திரும்பி வர்றத பாத்திருக்கேன், நானும் அப்படி வந்தவன்தான். அடியில கோடு இல்ல, கை நீட்டினா கையே தெரியாது, செவுரு இல்ல, காலுக்கு கீழ என்ன இருக்குன்னு தெரியல. அதனால ரேஸுக்கு முன்னாடி கொறஞ்சது நாலஞ்சு தடவையாவது திறந்த தண்ணியில நீந்தியே ஆகணும். ஆழம் தெரியாம காலை விடாதேன்னு பெரியவங்க சொன்னதை இங்க அப்படியே எடுத்துக்கோங்க: நீந்த அனுமதி இருக்கற எடம், அந்த எடம் தெரிஞ்சவங்க துணை, நீரோட்டம் எப்படின்னு விசாரிப்பு, இடுப்புல கட்டி இழுத்துட்டுப் போற கலர் மிதவை, பளிச்சுன்னு தெரியற தொப்பி. அந்த மிதவையை களைச்சா கட்டிப் பிடிச்சுக்கலாம், மனசுக்கு அது பெரிய பலம்.

எறங்கறப்ப குதிச்சு எறங்காதீங்க. குளிர்ந்த தண்ணி திடீர்னு பட்டா உடம்பு நம்மளக் கேக்காமலே ஹக்குனு காத்தை உள்ள இழுக்கும், மூச்சு தாறுமாறா போகும், இதய துடிப்பு ஏறும், ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல அதுவா அடங்கிரும். அது பயம் இல்ல, தோல்ல குளிர் பட்டதுக்கு உடம்போட பதில். அதனால முதல்ல முட்டி வரைக்கும், அப்புறம் இடுப்பு, தண்ணிய கையில அள்ளி கழுத்துலயும் முகத்துலயும் அடிச்சுக்கோங்க, முகத்தை வெச்சு பத்து தடவை ஹம் பண்ணுங்க, மூச்சு சமமானப்புறம்தான் நீந்த ஆரம்பிக்கணும். முதல் ரெண்டு தடவை கரைக்கு இணையா, எந்த நேரத்துலயும் நின்னா கால் எட்டற ஆழத்துலயே போங்க. அப்புறம் கொஞ்சம் உள்ள.

நேரா போறதுக்கு தலைய நிமித்திப் பாக்கணும், ஆனா முழு தலையும் வேணாம், முதலை மாதிரி கண்ணு மட்டும் மேல வரட்டும், பாத்துட்டு உடனே பக்கவாட்டுல திரும்பி மூச்சு எடுத்துக்கோங்க. ஏழெட்டு கை வீச்சுக்கு ஒரு தடவை போதும். மிதவை சின்னதா தெரிஞ்சா அதுக்குப் பின்னால கரையில உயரமா இருக்கற மரமோ கட்டடமோ எதையாவது குறி வெச்சுக்கோங்க. வெட்சூட்டை, அதாவது குளிர் தாங்க உடம்போட ஒட்டிப் போடற ரப்பர் உடுப்பை அனுமதிக்கறது தண்ணியோட வெப்பநிலையைப் பொறுத்தது. அது மிதக்க நல்லா உதவும், ஆனா கழுத்துலயும் நெஞ்சுலயும் இறுக்கிப் பிடிக்கற மாதிரி இருக்கறதே சிலருக்கு பதட்டத்தைக் கெளப்பும், ரேஸ் அன்னிக்கு முதல் தடவையா மாட்டிக்கிட்டு எறங்காதீங்க.

பதட்டம் வந்தா என்ன பண்ணணும்ங்கறதை அமைதியா இருக்கறப்பவே பழகி வெச்சுக்கணும். என் வரிசை இதுதான்: உடனே மல்லாக்க திரும்பறது, வானத்தைப் பாத்து நீளமா ஊதறது, பத்து தடவை எண்ணறது, இழுக்கறதப் பத்தி யோசிக்கவே யோசிக்காம ஊதறதை மட்டும் எண்ணறது. அப்புறம் ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்ல தலை வெளிய வெச்சு ஒரு நிமிஷம். அப்புறம் ஃப்ரீஸ்டைல் இருபது கை, எண்ணிக்கிட்டே. ஒவ்வொரு பயிற்சியிலயும் பதட்டம் இல்லாதப்பவே நடுவுல இத ஒரு தடவை செஞ்சுருவேன், உடம்புக்கு வழி மறக்காது.

ஒண்ண கவனமா கேளுங்க. எல்லா மூச்சுத் திணறலும் பயம் இல்ல. மிதந்துட்டு ஓய்வா இருக்கறப்பவும் மூச்சு வாங்கிட்டே இருக்கு, இருமல் வருது, நுரையோ ரத்தம் கலந்த சளியோ வருதுன்னா அது நுரையீரல்ல தண்ணி கோக்கற பிரச்சனையா இருக்கலாம், நீந்தறவங்களுக்கு அப்படி வரும். நெஞ்சு வலியும் அதே மாதிரிதான். சமாளிச்சுக்கலாம்னு நெனைக்காம கைய தூக்குங்க, வெளிய வாங்க, டாக்டர்கிட்ட போங்க.

சைக்கிளும் ஓட்டமும்

இதுல உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்ல. வாரத்துக்கு ரெண்டு சைக்கிள், ரெண்டு ஓட்டம், ஓட்டத்துல ஒண்ண சைக்கிள் முடிச்ச கையோட வெச்சுக்கோங்க. அதை ப்ரிக்னு சொல்லுவாங்க. சைக்கிள்ல இருந்து எறங்கி ஓட ஆரம்பிச்சதும் கால் நம்ம கால் மாதிரியே இருக்காது, மரத்துப்போன மாதிரி, யாரோ இரவல் குடுத்த மாதிரி இருக்கும், பத்து நிமிஷத்துல சரியாகும். 10 கிலோமீட்டர் சைக்கிளுக்கு அப்புறம் 1 கிலோமீட்டர் ஓட்டம்னு ஆரம்பிங்க.

நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கும், சைக்கிள்ல இருந்து ஓட்டத்துக்கும் மாறற எடத்தை ட்ரான்ஸிஷன்னு சொல்லுவாங்க, அங்க ரெண்டு விதி மனசுல ஏறியிருக்கணும். ஸ்டாண்ட்ல இருந்து சைக்கிளை எடுக்கறதுக்கு முன்னாடி ஹெல்மெட் மாட்டி கிளிப்பும் போட்டிருக்கணும், திரும்பி வந்து சைக்கிளை மாட்டினப்புறம்தான் கிளிப்பைக் கழட்டணும். ஏறறதுக்கும் எறங்கறதுக்கும் ரோட்டுல கோடு போட்டிருப்பாங்க, அந்தக் கோட்டுக்குள்ள சைக்கிளைத் தள்ளிக்கிட்டுதான் வரணும். புதுசா வர்றவங்களுக்கான போட்டிகள்ல பெரும்பாலும் முன்னால போற சைக்கிளுக்கு பின்னாலயே ஒட்டிக்கிட்டு போகவும் அனுமதி இல்ல.

தண்ணியில முகமே வெக்காதவங்களுக்கு ஸ்ப்ரின்ட்டுக்கு ஆறு மாசம் வெச்சுக்கோங்கன்னு சொல்லுவேன். கொஞ்சம் நீந்தத் தெரியும், மூச்சுதான் பிரச்சனைன்னா மூணு மாசம் போதும். தேதியை முதல்ல குறிச்சுட்டு அதுக்குள்ள பயத்தை முடிக்கணும்னு ஓடாதீங்க, பூல்ல 400 நிக்காம வந்தப்புறம் ரேஸைத் தேடுங்க.

ரேஸ் அன்னிக்கு

சீக்கிரம் போங்க, சைக்கிளை மாட்டிட்டு தண்ணியில இருந்து எந்த வழியா வருவோம், எத்தனாவது வரிசையில நம்ம சைக்கிள்னு ஒரு தடவை நடந்து பாருங்க. வார்ம் அப் நீச்சலுக்கு அனுமதி இருந்தா கண்டிப்பா எறங்குங்க, இல்லன்னா கரையிலயே கைய சுத்தி, முகத்துல தண்ணி அடிச்சு, நீளமா ஊதிப் பழகுங்க. உறைஞ்ச உடம்போட நேரா முழு வேகத்துல எறங்கறது நல்லதில்ல. கயாக்லயும் மிதவைப் பலகையிலயும் இருக்கற ஆளுங்க எங்கெங்க நிக்கறாங்கன்னு கண்ணால எண்ணி வெச்சுக்கோங்க. முதல் ரேஸ்னு ஒரு ஆள்கிட்டயாவது சொல்லி வைங்க, அவங்க கண்ணு உங்க மேல இருக்கும்.

ஹார்ன் அடிச்சதும் எல்லாரும் பாயுவாங்க. நீங்க ஓரமா, கடைசி வரிசையில நின்னு 15, 20 விநாடி விட்டுட்டு போங்க. அந்த 20 விநாடியால யாரும் எதையும் இழக்கல, ஆனா கூட்டத்துக்குள்ள மாட்டினா கால்ல அடி, தலையில கை, காகிள்ஸ் நழுவறதுன்னு எல்லாம் நடக்கும். முதல் 100 மீட்டர் இவ்வளவு மெதுவாவான்னு உங்களுக்கே தோணற அளவுக்கு போங்க.

என் முதல் ரேஸ்ல நான் காத்திருக்கல. எல்லாரோடவும் சேந்து பாஞ்சேன், நூறு மீட்டர்கிட்ட ஒருத்தர் கை என் முதுகுல விழுந்துச்சு, ஒரு வாய் தண்ணி குடிச்சேன், ஹம் நின்னுபோச்சு, அவ்வளவுதான், பழைய சங்கிலி மொத்தமும் ஒரு நொடியில திரும்ப வந்துருச்சு. மல்லாக்க திரும்பினேன். ஊத ஆரம்பிச்சேன். நாலாவது ஊதல்ல ஒரு மஞ்ச கயாக் பக்கத்துல வந்து நின்னுச்சு, அதுல இருந்த அக்கா துடுப்பை மடியில வெச்சுட்டு, "முன்னாடி முனையைப் பிடிச்சுக்கோங்க தம்பி, எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிச்சுக்கோங்க"ன்னாங்க. அந்த ப்ளாஸ்டிக் விளிம்பு வெயில்ல சூடா இருந்தது இப்பவும் கையில இருக்கு. எனக்கு வருஷக்கணக்கா இருந்த பயம் என்னவோ அதேதான் நடந்துச்சு, நட்ட நடு தண்ணியில, கால் எட்டாம, மூச்சு முட்டி. ஒரு நிமிஷம் பிடிச்சிருந்தேன். மூச்சு சமமாச்சு. கைய எடுத்துட்டு ப்ரெஸ்ட் ஸ்ட்ரோக்ல கெளம்பினேன், இருபது, அப்புறம் ஃப்ரீஸ்டைல், மீதி 600 மீட்டர் நிக்கவே இல்ல.

கரை நெருங்கினதும் அவசரப்பட்டு எழுந்து நிக்காதீங்க, கை வீசறப்ப விரல் மண்ணைத் தொடற வரைக்கும் நீந்துங்க, இடுப்பளவு தண்ணியில எழுந்தா நடக்கறதுதான் கஷ்டம். எழுந்ததும் ஒரு நிமிஷம் தலை சுத்தற மாதிரி இருக்கும், படுத்த நிலையில இருந்து திடீர்னு நிக்கறதால ரத்தம் காலுக்கு எறங்கும், கடைசி 50 மீட்டர்ல காலை கொஞ்சம் அதிகமா உதைச்சா அது கம்மியாகும். தொப்பியையும் காகிள்ஸையும் கழட்டி ஒரே கையில பிடிச்சுக்கிட்டு, ஓட வேணாம், நடந்தே ட்ரான்ஸிஷனுக்குப் போங்க. சைக்கிளைத் தொடறதுக்கு முன்னாடி ஹெல்மெட், கிளிப் போட்டாச்சான்னு ஒரு தடவை விரலால இழுத்துப் பாத்துட்டு கெளம்புங்க.